அரசுப் பள்ளிக்குப் போகும் உளவியலாளருக்கு: வேலூர் பக்கத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

முதல் நாள் பள்ளிக்குள் நுழைந்ததும் உங்கள் கையில் ஒரு பட்டியல் வரும். பதினைந்து, இருபது பெயர்கள் இருக்கும், பெரும்பாலும் பையன்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் "சேட்டை", "படிக்கமாட்டான்", "லவ்", "ஆப்சென்ட்" என்று ஒரே ஒரு வார்த்தை. "இவங்ககிட்ட மட்டும் கொஞ்சம் பேசி சரி பண்ணிடுங்க மேடம்" என்பார் தலைமை ஆசிரியர். நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் நீங்கள் அந்தப் பள்ளிக்கு மறுபடி வர இரண்டு வாரமோ ஒரு மாதமோ ஆகும். நடுவில் அந்தப் பிள்ளைகளோடு இருக்கப்போவது ஆசிரியர்களும், சத்துணவுக் கூடத்து அக்காவும், வீட்டில் உள்ளவர்களும்தான். அதனால் நீங்கள் இல்லாத நாளிலும் நடக்கிற மாதிரி வேலையை அமைத்துவிட்டு வரவேண்டும். எனக்கு இது புரிய இரண்டு வருடம் ஆனது. புதிதாக வருகிறவர்களுக்கு அவ்வளவு காலம் ஆகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கத்துப் பள்ளிகளில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். பிள்ளைகளின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

படி 1: நீங்கள் யார் என்று சொல்லுங்கள்

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் பேசியும் கவனித்தும் சோதித்தும் உதவுகிறவர், மருந்து எழுதமாட்டார். இதை ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூட்டத்திலும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் "ஸ்கூலுக்குப் பைத்தியக்கார டாக்டர் வந்திருக்காங்க" என்ற பேச்சு மதியத்துக்குள் தெருவரைக்கும் போய்விடும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957 முதல் இருக்கிறது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது உதவியிருக்கிறது. இருந்தும், பாகாயம் என்றதுமே முகம் மாறும் அம்மாக்களை இன்றும் பார்க்கிறேன்.

வகுப்பில் என்னை நான் இப்படி அறிமுகம் செய்துகொள்வேன்: "மனசுக்குப் பாரமா ஏதாவது இருந்தாலோ, படிக்கிறது கஷ்டமா இருந்தாலோ எங்கிட்ட பேசலாம். அடிக்கமாட்டேன், மார்க் போடமாட்டேன்." இதுபோதும்.

படி 2: அனுமதியும் நாள்காட்டியும்

முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் எந்தப் பிள்ளையிடமும் பேசாதீர்கள். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளுக்கான அலுவலகங்கள் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் வரும். பழைய நினைப்பில் வேலூருக்குக் கடிதம் எழுதினால் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

தேர்வு வாரத்தில் போகாதீர்கள். ஏப்ரலில் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள். நம் ஊர் வெயிலில், தகரக் கூரைக்கடியில், மதியம் இரண்டு மணிக்கு எந்தப் பிள்ளையும் மனம் திறக்காது.

படி 3: முதல் இரண்டு வருகையில் எந்தப் பிள்ளையையும் தனியாகக் கூப்பிடாதீர்கள்

பட்டியலை வாங்கிப் பையில் வையுங்கள். அப்புறம் சுற்றிப் பாருங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவர்கள் யார், சத்துணவு வரிசையில் யார் தனியாக நிற்கிறார்கள், மணி அடித்த பிறகும் வீட்டுக்குக் கிளம்பாமல் சுற்றிக்கொண்டிருப்பது யார் என்று கவனியுங்கள். பட்டியலில் வராத பிள்ளைகள் இப்படித்தான் கண்ணில் படுவார்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள். அமைதியாக இருக்கிற பிள்ளையை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை.

சத்துணவு சமைக்கிறவரோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பிள்ளை இரண்டாம் முறை சோறு கேட்கிறது, எது நாலு நாளாகத் தட்டில் கை வைக்கவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். என்னிடம் வந்த மிகத் தீவிரமான ஒரு விஷயத்தை முதலில் கவனித்தது ஒரு சமையல் அக்காதான். "முட்டை போட்டாக்கூட வாணாங்குது மேடம், அந்தப் பொண்ணு" என்றார். அதற்கு முன் அவரிடம் அதை யாரும் கேட்டதில்லை.

பேச இடம் வேண்டும். தனி அறை கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தின் ஒரு மூலை, நூலகம், வேப்பமரத்தடி என எதுவானாலும் சரி. கண்ணுக்குத் தெரியவேண்டும், காதில் விழக்கூடாது. மூடிய அறை உங்களுக்கும் நல்லதல்ல, பிள்ளைக்கும் நல்லதல்ல.

மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை முதல் நாளே நிறுத்தச் சொல்லுங்கள். "கவுன்சலிங் போறியா?" என்ற கேலி ஒரு பிள்ளையை நிரந்தரமாக வாய் மூட வைத்துவிடும். நோட்டு எடுத்துவரச் சொல்வதுபோல வகுப்பாசிரியர் அனுப்பினால் போதும்.

படி 4: அந்த ஒற்றை வார்த்தையைப் பிரித்துப் பாருங்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்கவேண்டும்.

ஆசிரியர் "கவனமே இல்லை" என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தப் பாடவேளையில்? எதற்குப் பிறகு? எப்போதிலிருந்து? அதன் பிறகு உடம்பைப் பாருங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் தப்பு வந்தால் கண்ணைச் சோதிக்க அனுப்புங்கள். அரசின் கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி இலவசமாகக் கிடைக்கிறது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாவிட்டால் காது. பேச்சின் நடுவே சில விநாடி கண் நிலைகுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம், மருத்துவரிடம் அனுப்புங்கள். இரத்தசோகை, சாப்பிடாமல் வருவது, தூக்கமின்மை இவையெல்லாம் பார்த்த பிறகுதான் மனதுக்கு வரவேண்டும்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். பட்டியலில் "சோம்பேறி, பாதி நாள் வரமாட்டான்" என்று இருந்தது. வருகைப் பதிவேட்டை வாங்கி விரலால் தடவிக்கொண்டே வந்தேன். விடுப்பு எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருந்தது. எல்லாமே செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்றால் பொய்கை மாட்டுச் சந்தை. தாத்தா மாட்டுத் தரகர்.

அவனைத் தமிழ்ப் பாடம் வாசிக்கச் சொன்னேன். விரல் வைத்துத் தடங்கலே இல்லாமல் வாசித்தான். எனக்கு ஏதோ இடித்தது. பக்கத்தை உள்ளங்கையால் மூடி, நடுவில் ஒரு சொல் மட்டும் தெரியும்படி விட்டு "இது என்ன?" என்றேன். அவன் உதடு மெல்ல அசைந்தது. பாடத்தின் முதல் வரியிலிருந்து சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே வந்து, அந்தச் சொல் வரும் இடத்தில் நிறுத்தி, வாய்விட்டுச் சொன்னான். சரியாகத்தான் சொன்னான். முழுப் பாடமும் மனப்பாடம். எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

புத்தகத்தை மூடிவிட்டுச் சந்தையைப் பற்றிக் கேட்டேன். துண்டுக்கடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதைக் காட்டச் சொன்னேன். என் கையைப் பிடித்துக் காட்டினான். "நாற்பத்தாறாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கின ஜோடியை ஐம்பத்தோராயிரத்துக்கு வித்தா?" என்றேன். "நாலாயிரத்து ஐந்நூறு. தரகு போவ இன்னா நிக்கும்னு பாக்கணும்" என்றான். யோசிக்கவே இல்லை.

இவனைச் சோம்பேறி என்று எழுதியவர் கெட்டவரல்ல. அறுபது பிள்ளைகளில் ஒருவன் வாசிப்பதுபோல வாசித்தால் யாருக்குத் தெரியும்? அதனால்தான் இந்த உள்ளங்கைச் சோதனையை எல்லா மொழியாசிரியருக்கும் சொல்லித் தருகிறேன். செலவில்லை, இரண்டு நிமிடம் போதும்.

வாசிப்புச் சிக்கல் என்று தெரிந்ததும் உடனே முத்திரை குத்தாதீர்கள். நம் பகுதியில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும், வீட்டு மொழி. பேரணாம்பட்டில் உருது, ஆந்திர எல்லையோரம் தெலுங்கு. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளை ல, ள, ழ குழப்புவது இயல்பு. மதரசாவுக்குப் போகிற பிள்ளை என்றால் அங்கே எழுத்துக் கூட்டி ஓதுகிறதா, கேட்டு மனப்பாடமாகச் சொல்கிறதா என்று உஸ்தாதிடம் கேளுங்கள். அங்கே எழுத்து தெரிந்து, இங்கே தெரியவில்லையென்றால் அது மொழி பழகாத சிக்கல். எந்த மொழியிலும் எழுத்து ஒட்டவில்லை, கொம்பும் காலும் மாறுகிறது, கொ-வும் கெ-வும் ஒன்றாகத் தெரிகிறது, ஆனால் பேச்சும் கணக்குப் புத்தியும் நன்றாக இருக்கிறது என்றால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் அதுவும் ஒன்று.

நுண்ணறிவையும் கற்றல் குறைபாட்டையும் அளக்கும் பினே-காமத், மாலின், நிம்ஹான்ஸ் தொகுப்பு போன்ற சோதனைகளை அதற்கான பயிற்சியும் இந்திய மறுவாழ்வுக் குழுமப் பதிவும் உள்ளவர்தான் செய்யவேண்டும். உங்களுக்கு அது இல்லையென்றால் அனுப்பிவையுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, சி.எம்.சி. இருக்கிறது. சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குத் தலைமை ஆசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடினால் நடக்காது. எட்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

சான்றிதழ் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார். அவரையும் வகுப்பாசிரியரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, தினமும் பதினைந்து நிமிடம் யார், எங்கே, எந்த எழுத்து என்று எழுதிக் கொடுங்கள். அந்தப் பையனுக்கு மாட்டுச் சொற்களிலிருந்தே தொடங்கினோம்: காளை, கொம்பு, கயிறு, சுழி. தாத்தாவிடம் பேசினேன். செவ்வாய் விடுப்பு குறைந்தது, நிற்கவில்லை. அதுவே போதும் என்று அப்போது ஏற்றுக்கொண்டேன்.

படி 5: பிள்ளையோடு முதல் பேச்சு

முதல் பத்து நிமிடம் பிரச்சினையைத் தொடாதீர்கள். "ஏன் வரச் சொன்னாங்கன்னு நினைக்கிற?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளையின் பதிலும் பட்டியலில் உள்ள வார்த்தையும் பெரும்பாலும் வேறாகவே இருக்கும்.

இரகசியம் பற்றி நேர்மையாகச் சொல்லுங்கள். "நீ சொல்றதை யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், பொய்யாகிவிடும். நான் சொல்வது இது: "நமக்குள்ளயே வச்சுக்கலாம். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, உன்னை யாராவது தப்பா தொட்டாலோ, அடிச்சுத் துன்புறுத்தினாலோ, உன்னைக் காப்பாத்த நான் இன்னொருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். அப்படிச் சொல்றதுக்கு முன்னாடி உங்கிட்ட சொல்லிடுவேன்."

பேசாத பிள்ளைக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். வீட்டை வரையச் சொல்லி, யார் எங்கே தூங்குவார்கள் என்று குறிக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தை வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள். பேச்சைத் தொடங்க அது உதவும், அவ்வளவுதான்.

படி 6: வீடு

பெற்றோரை வரச் சொல்லி ஆள் அனுப்பினால் வராமல் போகலாம். அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பீடி சுற்றும் அம்மாவுக்கு ஆயிரம் பீடிக்குத்தான் கூலி. அரை நாள் பள்ளியில் உட்கார்ந்தால் அந்த ஆயிரம் முடியாது. தோல் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வரும் அப்பா பகலில் தூங்குவார். கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் அப்பா இராணுவத்தில் இருப்பார், தாத்தா பாட்டிதான் வளர்ப்பார்கள். அந்தப் பாட்டியிடம்தான் பேசவேண்டும், அப்பாவுக்குப் போனில்.

முடிந்தால் ஆசிரியர் ஒருவரோடு நீங்களே போங்கள். குடியாத்தம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் முறம். அம்மாவின் கை நிற்கவே இல்லை. இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடித்து, நூலைச் சுற்றி இழுத்துக் கட்டினார். கண் என்னைப் பார்க்கவில்லை, முறத்தைப் பார்த்தது. அப்படிக் குனிந்தபடிதான், மகள் இரவு பதினோரு மணிவரை கூடவே உட்கார்ந்து நுனி மடக்குவதைச் சொன்னார். அவர் வீட்டுக்காரர் குடிப்பதையும் சொன்னார். பள்ளி நாற்காலியில் உட்கார வைத்திருந்தால் இது வந்திருக்காது. வகுப்பில் தூங்குகிறாள் என்று பட்டியலில் எழுதியிருந்த பெண் அவள். வீட்டுக் கணக்கைக் கேட்காமல் "இனிமே வேலை வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டு வரமுடியாது. இரவு ஒன்பதரைக்கு மேல் வேண்டாம் என்பதிலிருந்து தொடங்கினோம். குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய உதவித்தொகைகளைத் தலைமை ஆசிரியரோடு உட்கார்ந்து தேடினோம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்பது அந்த அம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"இன்னா மேடம், எம்பொண்ணுக்கு மூளை சரியில்லையா?" என்று கேட்பார்கள். பதிலை அன்றே, எளிய தமிழில் சொல்லுங்கள். கையில் தாயத்து கட்டியிருந்தால் கழற்றச் சொல்லாதீர்கள். தர்காவுக்கும் போகட்டும், கோயிலுக்கும் போகட்டும், மருத்துவரிடமும் போகட்டும். நம்பிக்கையை எதிர்த்து நின்றால் அடுத்த முறை கதவு திறக்காது.

படி 7: காத்திருக்கக் கூடாதவை

*சாகணும்போல இருக்கு என்று ஒரு பிள்ளை சொன்னால்,* நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு நினைச்சியா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. யாரோ கேட்டார்களே என்று பாரம்தான் குறையும். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பெற்றோர் வரும்வரை கூட இருங்கள். வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரை போன்றவற்றைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். "மனசுல வச்சுக்காத" என்று அறிவுரை சொல்லி அனுப்பிவிடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இருக்கிறது, தமிழில் பேசலாம். பொதுத்தேர்வு முடிவு வரும் நாள்களில் யார் யாருக்குப் போன் செய்யவேண்டும் என்ற பட்டியலை முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

*பாலியல் துன்புறுத்தல்.* 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது யாருக்குத் தெரிந்தாலும் அவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள், அது உங்கள் வேலையல்ல. திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது பிள்ளைக்கு இன்னொரு காயம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் சொல்லுங்கள். "பள்ளி பெயர் கெட்டுடும், நாமே பேசி முடிச்சுடலாம்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். நான் இருந்த ஓர் இடத்திலும் சொன்னார்கள், கையைப் பிடித்துக் கெஞ்சினார்கள். அங்கே மட்டும் தளரவே கூடாது. அந்தப் பிள்ளை உங்களை நம்பி வாய் திறந்தது.

*குழந்தைத் திருமணம்.* பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறைதான் ஆபத்தான காலம். மலைக் கிராமமானாலும் நகரமானாலும் இதே கதைதான். பெண் திடீரென்று மாற்றுச் சான்றிதழ் கேட்டாலோ, தோழிகள் கிசுகிசுத்தாலோ 1098க்கோ மாவட்டச் சமூகநல அலுவலருக்கோ சொல்லுங்கள். தகவல் கொடுத்த தோழியின் பெயர் எங்கும் வரக்கூடாது.

படி 8: ஆசிரியர்

பிள்ளையைப் பார்த்த அன்றே, கிளம்புவதற்கு முன், வகுப்பாசிரியரிடம் இரண்டு வரி சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளை சொன்ன கதை வேண்டாம், ஆசிரியர் செய்யவேண்டியது மட்டும். "முன் பெஞ்சில் உட்கார வையுங்க. சத்தமா வாசிக்கச் சொல்லாதீங்க, தனியா கேளுங்க." இப்படி, நாளைக் காலையே செய்யக்கூடியதாக இருக்கவேண்டும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்துன்பம் கொடுப்பதையும் தடை செய்கிறது. இதைச் சட்டமாக மட்டும் சொன்னால் ஆசிரியர் அறை இறுகிவிடும். "அடிக்காம எப்படி மேடம் கட்டுப்படுத்துறது?" என்பது உண்மையான கேள்வி. அதற்கு விடை வைத்திருங்கள். வகுப்பில் ஒரு மணிநேரம் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசினால் அந்த விடைக்கு மதிப்பு இருக்கும்.

படி 9: நோட்டு

ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். பெயருக்குப் பதில் எண், எந்த எண் யாருடையது என்ற குறிப்பு உங்களிடம் மட்டும். சாதி எழுதாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் பெயரோ படமோ போடாதீர்கள், பாராட்டுக்காகக்கூட வேண்டாம். தலைமை ஆசிரியர் அறிக்கை கேட்டால் எத்தனை பேர், எந்த வகை, பள்ளி என்ன செய்யவேண்டும் என்று கொடுங்கள்.

படி 10: ஏப்ரல்

விடுமுறைக்கு முந்தைய கடைசி வருகையை இதற்காகவே ஒதுக்குங்கள். மே மாதம் முழுக்கப் பள்ளி இல்லை, சத்துணவு இல்லை, அந்தச் சமையல் அக்காவும் இல்லை. உங்களுக்குக் கவலை தரும் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: "லீவுல கஷ்டம்னா யார்கிட்ட போவ?" அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, பி.டி. சார் என்று ஒரு பெயர் வரவேண்டும். வராவிட்டால் அன்றைக்கே ஓர் ஆளைத் தேடிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும். 1098, 14416, பள்ளிக்கல்வித் துறையின் 14417 மூன்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிள்ளையின் கையாலேயே எழுத வையுங்கள்.

வாசிக்கத் தெரியாத பிள்ளையும் எண்ணை எழுதிக்கொள்ளும். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம் அந்தப் பிள்ளைகளின் பட்டியலோடு வகுப்பு வகுப்பாகப் போங்கள். யார் இடம் காலியாக இருக்கிறதோ அந்த வீட்டுக்கு அன்று மாலையே போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் மறுநாள் நேரில் போங்கள்.